இலக்கம் பொருந்தாத வண்டி

வாப்பா விட்டுப்போன பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளை விற்பதென்று நானும் தம்பியும் முடிவெடுத்தபோது, அது என் நித்திரையைக் கெடுக்கும் என்று நினைத்திருக்கவில்லை. எம் 20 வகை, 496 சீ.சீ. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்காக இந்த வகையில் மட்டும் 120,000க்கும் மேற்பட்ட வண்டிகளைப் பேர்மிங்ஹாமில் செய்தார்கள். எங்களுடையது திருகோணமலைத் துறைமுகத்தில் ஓடிய வண்டி, 1957இல் வெள்ளைக்காரன் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது கைமாறியது என்பது வாப்பாவின் கதை. அந்தக் கதைக்குச் சாட்சி வாப்பா மட்டும்தான்.

கொழும்பிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னதும் தரகர் முதலில் கேட்டது இலக்கங்களைத்தான். செஸியில் அடித்திருந்த இலக்கம் ஒன்று, எஞ்சினில் இருந்தது வேறு. "ஒரிஜினல் எண்டா ரெண்டும் ஒண்டா இரிக்கணும் காக்கா. எஞ்சின்ல இரிக்கிறத அராவிட்டு அடிச்சா அரை நாள் வேல" என்றார். தம்பி என்னைப் பார்த்தான். நான் மறுக்கவில்லை. லேத் பட்டறைக்காரர் அந்தக் கிழமை ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

வந்தவர் விஷயம் தெரிந்த மனிதர். டோர்ச்சும் ஒரு சிறு காந்தமும் கொண்டுவந்திருந்தார். பெற்றோல் தாங்கியின்மேல் காந்தத்தை ஊரவிட்டபோது ஓரிடத்தில் அது பிடிக்காமல் நழுவியது. பெயின்டுக்குக் கீழே பட்டி பூசியிருந்தது. காபரேட்டரைத் துடைத்துப் பார்த்தார். அமல் கம்பனியின் 276 இருக்கவேண்டிய இடத்தில் மொனோபுளொக் இருந்தது. அது 1955இல் வந்த வகை, போர்க்கால வண்டியோடு பிறந்திருக்க முடியாது. லூக்காஸ் டைனமோவில் அடித்திருந்த மாதத்தையும் வருடத்தையும் குறித்துக்கொண்டார். சில நட்டுகளுக்கு விட்வேர்த் ஸ்பேனர் பொருந்தியது, சிலவற்றுக்கு யப்பான் வண்டிக்குரிய 14 மில்லிமீற்றர்தான் பொருந்தியது. கடைசியாக இரண்டு இலக்கங்களையும் தடவிப்பார்த்துச் சிரித்தார். "இந்தக் காலத்து பி.எஸ்.ஏ.யில ஃபெக்டரியிலேயே ரெண்டு இலக்கமும் ஒண்டா அடிக்கிறதில்ல. ஒண்டா இருந்திருந்தா நான் அப்பவே திரும்பிப் போயிருப்பன்."

ஆக, அசலாகக் காட்டுவதற்காக நாங்கள் செய்யவிருந்த காரியம்தான் அதைப் போலியாக்கியிருக்கும். இதை ஒரு நல்ல நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு போய்விடலாம். என்னால் முடியவில்லை.

மாற்றிய பாகம் பொய் அல்ல. தேய்ந்ததை மாற்றாமல் எந்த வண்டியும் இத்தனை வருடம் ஓடாது. எங்கள் கந்தளாய்க் குளத்தையே பாருங்கள். இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்பது சூளவம்ச மரபு, குளக்கோட்டன் என்பது கோணேசர் கல்வெட்டு மரபு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அணையை மீண்டும் கட்டினார்கள். புதிய மண், புதிய கல். ஆனாலும் அது புராதனக் குளமே. அப்படிச் சொல்லும் எவரையும் நாம் பொய்யர் என்பதில்லை, ஏனென்றால் உடைந்ததை யாரும் மறைக்கவில்லை.

மறைப்பதற்கு நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: தத்லீஸ். வியாபாரச் சட்டத்தில் சரக்கின் குறையை மூடிவைப்பதற்கு அந்தப் பெயர். விற்பதற்கு முன் சில நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது அதன் பழைய உதாரணம். ஹதீஸ் கலையிலும் அதே சொல்தான். அறிவிப்பாளர் தொடரில் பலவீனமான ஒருவரை நடுவிலிருந்து எடுத்துவிட்டு, மேலே உள்ளவரிடம் நேரே கேட்டதுபோலத் தோன்றும்படி அறிவிப்பது. இதில் கவனிக்கவேண்டியது, அறிவிப்பவர் பொய்யான வார்த்தை எதுவும் சொல்வதில்லை என்பது. தொடர் அறுந்திருந்தால் செய்தி பலவீனமாகும், அறிவித்தவர் குற்றவாளியாவதில்லை. அறுந்த இடத்தை ஒட்டி மூடும்போதுதான் அவர் மீது குறை வருகிறது. சந்தைக்கும் ஹதீஸ் சபைக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்திய அறிஞர்கள் இரண்டு இடத்தையும் நன்றாக அறிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சொல் என்னைத் தொட்டதற்குக் காரணம் இருக்கிறது. வந்தவர் எல்லாவற்றையும் கேட்டார், தாங்கிக்குக் கீழே செஸியின் கழுத்தை மட்டும் கேட்கவில்லை. அங்கே ஒரு வெல்டிங் இருக்கிறது. 86 வெள்ளத்தில் வண்டி சேற்றோடு புரண்டு மரத்தில் மோதியபோது வெடித்த இடம். ஒட்டிய பிறகு வாப்பா அதில்தான் எங்களைப் பள்ளிக்கூடம் ஏற்றிப்போனார். கேட்காததற்கு நான் பதில் சொல்லவில்லை. அட்வான்ஸ் தந்துவிட்டுப் போனார்.

கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன் என்று இரண்டு இரவு எனக்கு நானே வாதாடினேன். அலங்காரப் பொருளாக வைப்பவருக்கு வெல்டிங்கால் என்ன நட்டம் என்றுகூட யோசித்தேன். ஆனால் அவர் அதில் ஏறி ஓடவும் கூடும், கழுத்து விட்டுக்கொடுத்தால் முன்சில்லு தனியே போகும். அவர் தேடியது இரும்பை மட்டுமல்ல, அந்த இரும்புக்கு நடந்ததையும்தான். நான் மறைத்தது அதைத்தான்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். விலையைக் குறைத்தார், கணிசமாகவே. தம்பி இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிறகு அவர் ஒன்று கேட்டார்: எதெது எப்போது மாறியது, யார் மாற்றியது என்று ஒரு கடதாசியில் எழுதித் தரமுடியுமா? உம்மாவிடமும் வாப்பாவின் பழைய மெக்கானிக்கிடமும் விசாரித்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. மொனோபுளொக்குக்கு நேரே "யார் போட்டது என்று தெரியாது" என்றும், துறைமுகக் கதைக்கு நேரே "வாப்பா சொன்னது" என்றும் எழுதிக் கையொப்பம் வைத்தேன்.