உருகாத கல்லின் பெருமை

வாஷிங்டனுக்குச் சற்று மேலே பொடோமாக் ஆறு பாறைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு ஓடுகிறது. மேரிலாந்து கரையில், பேர் தீவின் ஓரமாகப் போகும் பில்லி கோட் பாதையில் பல இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். அப்படிக் கை வைக்கிற பாறையில், சாம்பல் நிறத்துக்குள் வெள்ளைக் கோடுகள் நெளிந்து கிடக்கும், பரோட்டா மாவைச் சுருட்டி வைத்த மாதிரி. மிக்மடைட். பின்லாந்து நிலவியலாளர் யாக்கோப் செடர்ஹோம் 1907இல் வைத்த பெயர். கிரேக்கத்தில் ‘கலவை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து எடுத்தது.

இவை கடலடியில் படிந்த மணலும் சேறும்தான். 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கண்டத்தின் ஓரம் நசுங்கியபோது ஆழத்துக்குப் போய், வெந்து, உருமாறின. சில இடங்களில் சூடு அதற்கும் மேலே ஏறியது. ஆனால் பாறை ஐஸ் மாதிரி ஒரே டிகிரியில் மொத்தமாக உருகாது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் முதலில் இளகும், இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கருப்புக் கனிமங்கள் பின்தங்கும். உருகி ஒதுங்கி மறுபடி உறைந்ததுதான் அந்த வெள்ளைக் கோடு.

அதே பாதையில் இதை ஒட்டியே ஆம்பிபோலைட் என்ற கரும்பாறையும் இருக்கிறது. அதே ஆழம், அதே சூடு. அது பெரும்பாலும் உருகவில்லை. உறுதியான கல் என்று பாராட்டலாமா? அதன் சரக்கு வேறு, அவ்வளவுதான். தண்ணீருக்கும் இதில் பங்குண்டு. கிரானைட் போன்ற கலவை, தண்ணீரே இல்லையென்றால் 900 டிகிரிக்கு மேல்தான் இளகும். ஆழத்தின் அழுத்தத்தில் தண்ணீரும் சேர்ந்துவிட்டால் 650 பக்கத்திலேயே.

சில வருடம் முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு. டீம் லீட் ஒவ்வொருவரும் இரண்டு பெயர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். நான் தரவில்லை. இன்னொரு லீட், நம்ம ஊர்ப் பையன், தந்தான். அவனுக்கு ஹெச்-1பி விசா. வேலை போனால் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் விமானம். மனைவி நிறைமாதம். எனக்கு மனைவி வழியாக வந்த க்ரீன் கார்டு. “நீ நிமிர்ந்து நின்னடா” என்று நண்பர்கள் இன்னமும் சொல்கிறார்கள்.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி எழுதினார்கள். நேகலின் உதாரணம்: நாஜி ஜெர்மனியில் வதை முகாம் அதிகாரியானவன், அந்தக் காலம் வருவதற்கு முன்பே அர்ஜென்டினாவுக்குப் போயிருந்தால் யாருக்கும் தீங்கில்லாமல் வாழ்ந்திருக்கலாம். சோதனையே வராத ஆளுக்கு எத்தனை மார்க் போடுவது?

வேலை போன இருவரில் ஒருவரிடம் இந்த ஆம்பிபோலைட் கதையைச் சொன்னேன். “கல்லு யார் பேரையும் எழுதிக் குடுக்கல சார்” என்றார். நியாயம்தான். பெயர் கொடுத்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தப்பை அளக்க என்னை அளவுகோலாக வைக்க முடியாது. அதே ஹெச்-1பியில் இன்னொரு லீட் இருந்தார், ஹைதராபாத்துக்காரர், கையில் ஒரு வயதுக் குழந்தை. அவரும் பெயர் தரவில்லை. அவரைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.