தொப்பிக்காரன்

பாரீஸ் விபசார விடுதிப் பெண்களைத் துலூஸ்-லோத்ரெக் கல்லச்சில் பதித்த 'எல்' (அவர்கள்) தொகுதி 1896இல் வந்தது. குளிக்கிறார்கள், தலைவாருகிறார்கள், படுத்துக் கிடக்கிறார்கள். சரசத்தை எதிர்பார்த்தவர்கள் வாங்கவில்லை.

முகப்புப் படத்தில் ஒருத்தி கூந்தலை அவிழ்க்கிறாள். கழற்றிப்போட்ட துணிகள்மேல் ஓர் ஆணின் தொப்பி. ஆள் இல்லை. நெய்வேலியில் என் அறையில் இதன் நகலைப் பார்த்து அனுதாபப்பட்டேன். பிறகுதான் உறைத்தது: அந்த ஆள் இருக்கவேண்டிய இடத்திலிருந்துதான் நான் பார்க்கிறேன். என் அனுதாபம் தொப்பியை மறைக்கும் தந்திரம்.

ஜி. நாகராஜன் மறைக்கவில்லை. 'குறத்தி முடுக்கு' (1963) கதையைச் சொல்பவனே வாடிக்கைக்காரன். பார்க்கிறவன் தன் இடத்தை ஒப்புக்கொள்வதுதான் கலையின் ஒழுக்கம் என்பேன். அதுவும் பாதிதான். ஒப்புக்கொண்டபின் தொப்பியை எடுத்துக்கொண்டு அவன் வெளியேறலாம்; அவள் அங்கேயே இருப்பாள்.