குத்தகை முடிந்தால் உழைப்பும் முடிந்துவிடுமா?

இளையர்களே, இந்த மாதம் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். அரசாங்கம் ஒருவருக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கிறது. அவர் அதில் மாடு வளர்க்கிறார், கீரை போடுகிறார், கொட்டகை கட்டுகிறார், இருபது முப்பது வருஷம் அங்கேயே கிடக்கிறார். ஒப்பந்தத் தேதி முடிந்ததும் அரசாங்கம் நிலத்தைக் கேட்கிறது. சட்டப்படி அதில் தவறே இல்லை, அவரே கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான். ஆனால் தர்மப்படி? அந்த மனிதருக்கு அந்த மண் மேல் ஏதாவது உரிமை மிச்சம் இருக்கிறதா, இல்லையா?

விவசாயமே இல்லாத ஊரில் இந்தக் கேள்வி எதுக்கு என்று தோன்றலாம். காத்தோங்கைச் சுற்றிப் பார்த்தாலே காரணம் தெரியும். சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டுத் தெற்கே நடந்தால் மரீன் பரேட் வந்துவிடும். அந்தக் காலத்தில் கடற்கரை அந்தப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. 1966ல் தொடங்கிய கிழக்குக் கடற்கரை நிலமீட்புதான் கடலைத் தள்ளி அத்தனை நிலத்தையும் உண்டாக்கியது. கடலைப் பார்த்து பங்களா கட்டியிருந்தவர்களுக்குக் கடல் போனது. அதற்கு நஷ்டஈடு கேட்க முடியாதபடி 1964லேயே சட்டம் திருத்தப்பட்டிருந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் வேலையால் சிலர் மட்டும் லாபம் பார்க்கக்கூடாது என்பது அரசாங்கத்தின் நியாயம். அந்தப் புது மண்ணில் எழுந்த மரீன் பரேட் வீவக பேட்டையில் ஆயிரக்கணக்கான சாதாரணக் குடும்பங்கள் குடியேறின.

பக்கத்திலேயே கேலாங் லோரோங் 3. அங்கே 191 தரைவீடுகள் 60 ஆண்டுக் குத்தகையில் இருந்தன. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு குத்தகை முடிந்தது. வீடுகள் அரசாங்கத்திடம் திரும்பின, இழப்பீடு கிடையாது. சிங்கப்பூரில் குடியிருப்பு வீடுகளின் குத்தகை இப்படி முழுசாக முடிந்து நிலம் திரும்பியது அதுதான் முதல் தடவை. நம்மில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீவக வீடும் 99 ஆண்டுக் குத்தகைதான். ஆக, பண்ணைக்காரரின் கேள்வி நமக்கும் உரிய கேள்விதான். அவருக்குக் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது, அவ்வளவே.

தேக்காவின் மாடுகள்

நம்ம ஊர் மேய்ச்சல் கதை தேக்காவில் தொடங்குகிறது. பஃபலோ ரோடு, மலாயில் எருமை என்று பொருள்படும் கெர்பாவ் ரோடு, எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ், கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வியாபாரி பெலிலியோஸ் பெயரில் ஒரு சாலை. இந்தப் பெயர்கள் எல்லாம் அங்கே மாடு நின்றதற்குச் சாட்சி. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் தாழ்வான நிலத்துப் புல்லும் இருந்ததால் சிராங்கூன் ரோட்டில் மாட்டுத் தொழில் வளர்ந்தது. அதை நம்பி நம்மவர்கள் பலர் வந்து குடியேறினார்கள். நகரம் பெருக்க, மாடுகள் வெளியே தள்ளப்பட்டன. பெயர்கள் மட்டும் சாலைப் பலகையில் தங்கிவிட்டன.

பிறகு பண்ணைகளுக்கு மிஞ்சிய இடம் லிம் சூ காங், கிராஞ்சி பக்கம். பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைப் பார்த்துப் படம் பிடித்திருப்பீர்கள். அவை லிம் சூ காங் பால்பண்ணையிலிருந்து வந்தவை. அந்த வட்டாரத்தில்தான் 2014ல் 62 பண்ணைகளுக்கு, குத்தகை முடிந்ததும் நிலம் தற்காப்புத் தேவைக்கு எடுத்துக்கொள்ளப்படும் என்று சொல்லப்பட்டது. மாற்று நிலம் ஏலத்தில் வரும், முதலில் பத்து ஆண்டுக் குத்தகை என்றார்கள். பண்ணைக்காரர்கள் எதிர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் வாதம் எளிமையானது: பத்து வருஷக் குத்தகையை நம்பி எந்த வங்கி கடன் தரும்? கொட்டகை, குளிரூட்டி, பாசன வசதி எல்லாவற்றுக்கும் போட்ட முதலை எடுப்பதற்குள் தேதி வந்துவிடுமே? அரசாங்கம் கேட்டது. காலக்கெடு நீட்டிக்கப்பட்டது, புதுக் குத்தகை 20 ஆண்டு என்று மாறியது.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு

ஒரு பக்கம் மட்டும் பேசுவது தர்ம விசாரம் ஆகாது. 1960ல் இந்தத் தீவின் நிலத்தில் ஏறக்குறைய 44 விழுக்காடுதான் அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1985ல் 76 விழுக்காடு, இன்று ஏறக்குறைய 90 விழுக்காடு. இதற்கு வழி செய்தது 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1973ல் வந்த திருத்தம் இழப்பீட்டை அந்த ஆண்டு நவம்பர் 30 விலையைத் தாண்டாதபடி கட்டிப்போட்டது. பல வருஷம் கழித்து நிலத்தை இழந்தவர்களுக்கு அது கசப்பாகத்தான் இருந்திருக்கும். 2007ல்தான் முழுச் சந்தை விலை கொடுப்பது என்று சட்டம் மாறியது. நம் அரசியல் சட்டத்தில் சொத்துரிமைக்குத் தனிப் பிரிவு கிடையாது. 1966ல் அரசியல் சட்ட ஆணையம் அதைச் சேர்க்கச் சொல்லியும் அரசாங்கம் ஏற்கவில்லை.

கடுமையான சட்டம்தான். ஆனால் அது இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? சில பணக்காரக் குடும்பங்கள் நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கும். கம்போங்கில் வாடகைக்கு இருந்த நம்ம தாத்தா பாட்டிக்கு வீடு கிடைத்திருக்காது. இன்று இந்த நாட்டில் பத்தில் ஒன்பது குடும்பங்கள் சொந்த வீட்டில் இருப்பதற்கு அந்தச் சட்டமும் காரணம். ஆகவே குத்தகை முறையே அநியாயம் என்று சொல்ல முடியாது. காலத்துக்கும் சொந்தம் என்று எழுதிக்கொடுப்பதுதான் நியாயம் என்றும் சொல்ல முடியாது.

நம் முன்னோர் கேட்ட அதே கேள்வி

இந்தக் கேள்வியை நம் சாஸ்திரங்கள் நேராகவே எடுத்துப் பேசியிருக்கின்றன. ஜைமினியின் மீமாம்ச சூத்திரத்தில் ஒரு விவாதம் வருகிறது. விசுவஜித் என்ற வேள்வியில் செய்பவர் தனக்குச் சொந்தமான எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிட வேண்டும். அப்படியென்றால் ஓர் அரசன் இந்த வேள்வியைச் செய்தால் தன் நாட்டு நிலம் முழுவதையும் தானமாகக் கொடுக்கலாமா? முடிவு: கொடுக்க முடியாது. ஏனென்றால் பூமி எல்லாருக்கும் பொது, அது அரசனின் சொத்தே இல்லை. உரை எழுதிய சபரர் மேலும் விளக்குகிறார். அரசன் காக்கிறான், அதற்காக விளைச்சலில் ஒரு பங்கு வாங்குகிறான், அதோடு சரி.

யோசித்துப் பாருங்கள். சொத்து பற்றிய பெரிய சித்தாந்தம் ஒன்று, வேள்வியில் எதைக் கொடுக்கலாம் என்ற சின்னச் சந்தேகத்திலிருந்து பிறந்திருக்கிறது. இதன்படி அரசு என்பது காவல்காரன். காவல்காரனுக்கு அதிகாரம் உண்டு, கடமையும் உண்டு. முதலாளி மாதிரி "என் இடம், என் இஷ்டம்" என்று மட்டும் அவனால் சொல்ல முடியாது.

அடுத்து, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். இது கனவு காணும் நூல் இல்லை, வரி வசூலிக்கும் நூல். புதுக் குடியேற்றங்கள் பற்றிய அதிகாரத்தில் அவர் நுணுக்கமாக ஒரு கோடு போடுகிறார். ஏற்கெனவே பண்படுத்திய வயலை வரி கட்டுபவனுக்கு அவன் ஆயுள் வரைக்கும் கொடுக்கலாம். கிட்டத்தட்ட குத்தகைதான். ஆனால் பண்படாத நிலத்தை ஒருவன் பாடுபட்டுப் பண்படுத்திக்கொண்டிருந்தால் அதை அவனிடமிருந்து பிடுங்கக்கூடாது. நிலத்தை வாங்கிவிட்டு உழாமல் போட்டு வைப்பவனிடமிருந்து எடுத்து வேறு ஒருவனுக்குக் கொடுக்கலாம். உழவுக்கு ஆகாத நிலத்தை மாடுகளுக்கு மேய்ச்சலாக ஒதுக்க வேண்டும் என்றும் சொல்கிறார். மேய்ச்சல் நிலத்தைக் கவனிக்க விவீதாத்யட்சன் என்று தனி அதிகாரியே வைக்கிறார்.

அவர் போட்ட கோடு எது என்று கவனியுங்கள். தேதியைப் பார்த்து மட்டும் உரிமையை முடிவு செய்யவில்லை, கைகள் என்ன செய்தன என்று பார்க்கிறார். சும்மா வைத்திருப்பவனுக்கு உரிமை குறைகிறது. மண்ணுக்கு உயிர் கொடுத்தவனுக்கு உரிமை கூடுகிறது.

தமிழ்நாட்டில் இரண்டு காட்சிகள்

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலம் உண்டு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். பெரும்பாலும் விவசாயிகளின் பட்டா நிலம். ஒரு பட்டி மேய்ந்து முடிந்ததும் மாட்டை அடுத்த பட்டிக்கு மாற்றி, புல்லுக்கு ஓய்வு கொடுப்பார்கள். காங்கேயம் மாடு இன்னும் இருக்கிறதென்றால் இந்தப் புல் ஒரு காரணம். கிளுவை வேலி ஒரே வருஷத்தில் அடர்ந்துவிடாது. நாளைக்கும் இந்த நிலம் நம்மிடம் இருக்கும் என்று நம்புகிறவன்தான் வேலி நடுவான். நாளைக்கு இல்லை என்று தெரிந்தவன் இருக்கிற புல்லை வேரோடு மேயவிடுவான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? ஒப்பந்தமே அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

இன்னொரு காட்சி தேனி மாவட்டத்து மலைமாடு மேய்ப்பவர்களுடையது. அவர்களிடம் பட்டா இல்லை, தலைமுறை தலைமுறையாக மலையில் மேய்த்த பழக்கம்தான் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பிறகு அதே மாதம் அந்தத் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியது. புலிக்கும் காடு வேண்டும், மறுக்க முடியாது. ஆனால் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாக ஏற்றிருக்கிறது. காகிதம் இல்லாதவனுக்கு உரிமையே இல்லை என்று தள்ளிவிட முடியாது என்பதுதான் அதன் உட்பொருள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே சிக்கல் வந்தது. அங்கே அரசாங்கம் பெரிய பெரிய நிலங்களை மேய்ச்சல் குத்தகைக்குக் கொடுத்தது. அதனால் பழங்குடியினரின் உரிமை அழிந்துவிட்டதா என்ற வழக்கில், 1996 டிசம்பரில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், கட்டாயம் அழிந்துவிடாது, இரண்டும் ஒரே மண்ணில் இருக்கலாம் என்றது. இரண்டும் மோதினால் குத்தகைக்காரரின் உரிமைதான் முன்னே நிற்கும் என்றும் சேர்த்துச் சொன்னது. விக் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். நிலத்துக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான் இருக்க முடியும் என்ற நினைப்பே தப்பு என்று அது காட்டுகிறது.

அப்போ எது தர்மம்?

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பூமி யாருக்கும் முழுச் சொந்தம் இல்லை. ஈசாவாஸ்ய உபநிடதம் தொடங்குவதே இந்த நினைவோடுதான்: எல்லாம் இறைவனுடையது, நாம் அளவோடு அனுபவித்துவிட்டு விட்டுப்போக வேண்டியவர்கள். 1951ல் போச்சம்பள்ளியில் பூதான இயக்கத்தைத் தொடங்கிய வினோபா பாவே ஊர் ஊராக நடந்து, தமிழ்நாட்டுக்கும் வந்து, நிலக்காரர்களிடம் சொன்னதன் சாரமும் இதுதான். ஆனால் இந்த உபதேசத்தைப் பண்ணைக்காரருக்கு மட்டும் சொல்லக்கூடாது. "உனக்கு எதுவும் சொந்தமில்லை, பற்றை விடு" என்று இழப்பவனிடம் போய்ச் சொல்வது வேதாந்தம் இல்லை, வசதி. நிலத்தைக் கொடுப்பவருக்கும் அதே விதிதான்.

ஆகவே குத்தகையை நியாயமாக முடிப்பதற்கு நான்கு விஷயங்கள் வேண்டும் என்று நினைக்கிறேன். போட்ட முதலையும் உழைப்பையும் எடுக்கப் போதுமான காலத்தை ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டும். முடியப்போகிறது என்றால் அடுத்த இடம் தேட அவகாசம் இருக்கும்போதே சொல்ல வேண்டும். எடுத்த நிலம் உண்மையிலேயே எல்லாருக்கும் பயன்பட வேண்டும், ஒருவரிடம் வாங்கி இன்னொரு பணக்காரரிடம் கொடுப்பதாக இருக்கக்கூடாது. மண்ணை மேம்படுத்திய உழைப்புக்கு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்காவிட்டாலும், ஏதாவது ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். முதல் மூன்றில் சிங்கப்பூர் பல தடவை சரியாக நடந்திருக்கிறது, பத்து ஆண்டு இருபதாக மாறியதே சாட்சி. நான்காவதுதான் பெரிய குறை. நல்ல மண்ணை விட்டுப்போகிறவருக்கும் கெடுத்துவிட்டுப் போகிறவருக்கும் ஒரே கணக்கு என்றால், நல்லதைச் செய்ய யாருக்கு மனசு வரும்?

"சட்டப்படி கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன பேச்சு?" என்று ஒரு நண்பர் கேட்கலாம். கையெழுத்துக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் நிலம் கொடுக்க ஒரே ஓர் ஆள்தான் இருக்கும் ஊரில், வாங்குபவருக்கு வேறு வழி ஏது? மறுக்க வழியில்லாத இடத்தில் போட்ட கையெழுத்து, கொடுப்பவரின் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை.

இது நம் கோயில்களுக்கும் பொருந்தும். இப்போது புதிதாக விற்கப்படும் வழிபாட்டு நிலங்கள் 30 ஆண்டுக் குத்தகைதான். இன்று கோயில் நிர்வாகத்தில் தொண்டு செய்யும் பெரியவர்கள் ஓய்வெடுக்கும் காலத்தில் அந்தத் தேதிகள் வரும். அப்போது பேச வேண்டியவர்கள் நீங்கள்தான். சட்டம் என்ன, நம் சாஸ்திரம் என்ன சொல்கிறது, எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இப்போதே படித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைப் பார்க்கப் போகும்போது, படம் எடுத்துவிட்டு உடனே திரும்பாதீர்கள். அதைக் கூட்டிவந்தவரிடம் "அண்ணே, பண்ணைக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.