மேளம் எட்டு மணிக்கு

போன தீபாவளிக்கு எங்கள் கிளையில் ஒரு விருந்து வைத்தோம். மலாக்காவில் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன. பழைய லயத்துக் குடும்பங்கள் ஒன்றுகூட இப்படி ஒரு நாள்தான் கிடைக்கிறது. உறுமி மேளத்துக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் ஏற்பாடு செய்தது நான்தான். மேளம் தொடங்கியதும், ஆட்டிசம் உள்ள ஏழு வயதுப் பையன் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். "பிள்ளைய அடக்கத் தெரியலியா?"னு யாரோ சொன்னது அவன் அம்மா காதில் விழுந்தது. போட்ட சோறு அப்படியே இருக்க, பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் முறுக்கும் அங்பாவும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா வாங்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "பலகாரம் எங்க வீட்லயும் இருக்கு தம்பி. அவனுக்குக் கூட்டாளிங்கதான் இல்ல."

திருநாள் வந்தால் நாம் இல்லங்களுக்கு அரிசி, துணி கொண்டுபோய்க் கொடுக்கிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். தப்பில்லை. ஆனால் அதனால் நம் கொண்டாட்டம் ஒரு துளியும் மாறுவதில்லை. அந்தப் பிள்ளைகள் அதற்கு வெளியிலேயே நிற்கிறார்கள்.

தண்டியடிகள் நாயனாரை சமய வகுப்பில் படித்திருப்பீர்கள். பிறவியிலேயே கண் தெரியாதவர். திருவாரூர்க் குளத்தைத் தோண்ட, குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி நட்டுக் கயிறு கட்டினார். அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார். அவருக்குப் பார்வை கிடைத்ததைத்தான் எல்லாரும் சொல்வோம். எனக்கு இப்போது நினைவில் நிற்பது கயிறு. அது இருந்தவரை அவர் யாருக்கும் பாரமாக இல்லை. எதிர்த்தவர்கள் அதைப் பிடுங்கிய பிறகுதான் அவர் தடுமாறினார். நான் வைத்த ஸ்பீக்கரும் ஒரு பிள்ளையின் கயிற்றைப் பிடுங்கியதுதானே?

"ஒரு பிள்ளைக்காக இருநூறு பேர் மேளத்தை விடணுமா?" என்று கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். மேளம் இல்லாத தீபாவளி எனக்கும் பிடிக்காது. ஆனால் யாரும் மேளத்தை நிறுத்தச் சொல்லவில்லையே. எப்போது தொடங்கும் என்று முன்கூட்டியே சொன்னால் போதும், அந்தக் குடும்பம் சீக்கிரம் வந்து சாப்பிட்டுப் போகும். அமைதியான ஓர் அறை, பட்டு ஜிப்பா உறுத்தினால் பழைய டீசட்டை, முதல் நாளே மண்டபத்தின் படம், இவ்வளவுதான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு கிடையாது. சிலருக்கு உறுமி என்றால் உயிர், சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படிக்கட்டுதான் தடை. பெற்றோரைக் கேட்டுவிட வேண்டும். செங் சன்னாசிமலை மாசி மகக் கூட்டத்திலும் இப்படி ஒரு குடும்பத்துக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளவும் முடியாது. நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே பண்பாட்டு வாழ்வில் பங்கெடுப்பதை அவர்கள் உரிமை என்கிறது.

இந்த வருட அழைப்பிதழில் "மேளம் இரவு 8 மணிக்கு" என்று தனி வரி போட்டோம். அக்காவிடம் நேரில் போய்க் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "பார்க்கிறேன் தம்பி" என்றார்.