வாசகர் எனும் அமானிதம்

ஒருவன் தன் எண்ணங்களைத் தாளில் அச்சிட்டுத் தன் சொந்தப் பொறுப்பிலேயே மாதந்தோறும் ஊருக்கு அனுப்பத் துணிகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் இதழை நண்பர்கள் வாழ்த்துகிறார்கள். மூன்றாம் இதழில் வாழ்த்துக் குறைகிறது. ஓராண்டு முடிந்து, சந்தாவைப் புதுப்பிக்காதவர்களின் பெயர்களை அடித்துவிட்டுப் பார்த்தால் பட்டியல் பாதியாக இளைத்திருக்கிறது. 'நாம் யாருக்காக எழுதுகிறோம்?' என்ற கேள்வி அன்றிரவு அவனை உறங்க விடுவதில்லை.

அக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாகவே இருக்கின்றன. 'படிப்பவர் விரும்புவதை எழுது. கூட்டம் தானே வரும்' என்பது சந்தையின் விடை. 'படிப்பவர் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன? உனக்குப் பட்டதை எழுது' என்பது செருக்கின் விடை. முன்னது எழுத்தாளனை வாசகனுக்கு அடிமையாக்குகிறது. பின்னதோ வாசகனே இல்லையென்று ஆக்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நேர்மையான வழியொன்று உண்டா? உண்டென்றே நாம் கருதுகிறோம். அவ்வழி எத்தகையது என்பதைத் தனியொருவராக நின்று இதழ் நடத்திய மூவரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

லண்டன் மாநகரில் 1750ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் சாமுவேல் ஜான்சன் 'ராம்ப்ளர்' என்னும் தாளைத் தொடங்கினார். செவ்வாயும் சனியும் வெளிவந்த அத்தாளின் விலை இரண்டு பென்ஸ். 1752 மார்ச்சில் நிறுத்தும்வரை 208 இதழ்கள் வந்தன. ஒரு சிலவற்றைத் தவிர அத்தனையும் அவர் ஒருவரே எழுதியவை. ஆங்கில அகராதியைத் தொகுக்கும் பெரும்பணியும் அப்போது அவர் தோள்மீதே இருந்தது. ஆயினும் விற்றது ஏறத்தாழ ஐந்நூறு பிரதிகளே. நாற்பதாண்டுகளுக்கு முன் அதே நகரில் வெளிவந்த 'ஸ்பெக்டேட்டர்' நாளொன்றுக்கு மூவாயிரம் பிரதிகள் பரவுவதாக அதன் ஆசிரியர் அடிசன் பெருமிதம் கொண்டதை இங்கே நினைவுகூரலாம். ஜான்சன் அந்த எண்ணிக்கைக்காகத் தம் நடையை இலேசாக்கவில்லை. அன்றாட வம்புகளை நாடவுமில்லை. பொதுமக்களின் செல்லப்பிள்ளையாகத் தாம் இருந்ததில்லை என்பதைக் கடைசி இதழில் அவரே ஒப்புக்கொண்டார். பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்ட அக்கட்டுரைகள் அவர் வாழ்நாளிலேயே பலமுறை பதிப்புக் கண்டன.

அவருடைய உறுதியை நாம் வணங்குகிறோம். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசகர் கடிதங்கள் என அத்தாளில் இடம்பெற்றவற்றுள் பெரும்பாலானவை, புனைபெயர்களில் ஜான்சன் தாமே எழுதியவை. அக்காலத்து மரபு அதுவென்பது உண்மையே. ஆயினும் வாசகருக்கென்று போடப்பட்ட நாற்காலியிலும் ஆசிரியரே அமர்ந்திருந்தார் அல்லவா?

உண்மையான வாசகர் வந்து அமர்ந்த நாற்காலியை ரஷ்ய நாட்டில் காண்கிறோம். தாஸ்தயேவ்ஸ்கி 1873ஆம் ஆண்டில், தாம் ஆசிரியராயிருந்த ஒரு வார இதழில் 'எழுத்தாளனின் நாட்குறிப்பு' என்ற பகுதியைத் தொடங்கினார். அவ்விதழ் பிறருடையது. எனவே 1876இல் அதே பெயரில் தம் சொந்த மாத இதழைக் கொணர்ந்தார். கணக்கையும் அனுப்பும் வேலையையும் அவர் மனைவி அன்னா கவனித்துக்கொண்டார். கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. மாணவர்களும் பெண்களும், வாழ்வில் பிடிப்பிழந்தவர்களும் எழுதினார்கள். பலருக்கு அவர் தம் கையாலேயே மறுமொழி எழுதினார்.

அவ்வாண்டில் நிகழ்ந்த ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். கார்னிலோவா என்னும் இளம்பெண் தன் கணவனின் முதல் தாரத்து மகளை, ஆறு வயதுச் சிறுமியை, நான்காவது தளத்துச் சாளரத்திலிருந்து கீழே தள்ளிவிட்டாள். குழந்தை உயிர் பிழைத்தது. தள்ளியவள் தானே காவல் நிலையம் சென்று குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சைபீரியத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவள் கருவுற்றிருந்தாள். அந்நிலை அவள் மனத்தைத் தடுமாறச் செய்திருக்கலாகாதா என்று 1876 அக்டோபர் இதழில் தாஸ்தயேவ்ஸ்கி வினவினார். எழுதியதோடு நின்றாரில்லை. சிறைக்கே சென்று அவளைக் கண்டார், மீண்டும் எழுதினார். தீர்ப்பு நீக்கப்பட்டு மறுவிசாரணை நடந்தது. 1877 ஏப்ரலில் அவள் விடுதலையானாள். 'குழந்தையை வதைத்தவளுக்கு வக்காலத்தா?' என்று ஒரு பத்திரிகை ஏசியபோது, அவ்வாண்டின் இறுதி இதழில் அந்த ஏச்சுக்கு விரிவாக விடையளித்தார். நூறு செய்திகளைத் தொட்டுச் செல்லாமல், ஓர் உயிரை நான்கு இதழ்களில் திரும்பத் திரும்பத் தொட்டார். ஒருமுகப்படுதல் என்பது இதுதான். வாசகர் நெஞ்சில் இதழ் இடம்பிடித்ததும் இவ்வாறுதான்.

ஆனால் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அதே நாட்குறிப்பின் 1877 மார்ச் இதழில், கான்ஸ்டான்டிநோபில் ரஷ்யாவுக்கே உரியதாக வேண்டும் என்று அவர் முழங்கினார். அடுத்த மாதமே ரஷ்யா துருக்கியர்மீது போர் தொடுத்தது. அவ்விதழிலேயே, தம் இனத்தாரை அவர் பழிப்பதைக் கண்டித்து யூத வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் பகுதிகளையும் வெளியிட்டார். வெளியிட்டது பெருந்தன்மை. ஆனால் விடையளிக்கும்போது தம் வெறுப்பைக் கைவிடாமல், அதற்கே புதுக் காரணங்களைத் தேடினார். சாளரத்திலிருந்து தள்ளியவளின் உள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்த அதே கண், மாற்றாரின் உள்ளத்துக்குள் இறங்க மறுத்தது. தம்மை நேசிக்கும் கூட்டம் சூழ்ந்திருப்பது ஒருவரை நீதிமானாக்கிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நேசிப்பவர்களின் ஆரவாரம் சிலவேளை, எதிர்த்து எழுதியவரின் மெல்லிய குரலை அமிழ்த்தியும் விடும்.

மூன்றாமவர் அமெரிக்காவின் ஐ. எப். ஸ்டோன். அவர் பணியாற்றிய நாளிதழ் 1952இல் மூடப்பட்டது. இடதுசாரிகளைத் தேடித் தேடி வேட்டையாடிய காலம் அது. வேறெந்த நாளிதழும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. பழைய இதழ்களின் வாசகர் பட்டியல்களைக் கொண்டு அவர் கடிதம் அனுப்பினார். ஆண்டுக்கு ஐந்து டாலர் சந்தா கட்ட 5,300 பேர் முன்வந்தனர். 1953 ஜனவரியில் நான்கு பக்க வார இதழ் பிறந்தது. அதிகாரிகளின் அந்தரங்கம் அவருக்குக் கிட்டாது, காதும் மந்தம். ஆகவே தம்மால் செய்யக்கூடிய ஒன்றையே அவர் தமக்கென வகுத்துக்கொண்டார். அரசு வெளியிடும் ஆவணங்களை வரிவரியாகப் படிப்பது, அரசு வாயால் சொல்வதை அதன் தாளில் இருப்பதோடு ஒப்பிடுவது, அவ்வளவே.

1957இல் நெவாடா மாநிலத்தில் நிலத்தடி அணுவெடிப்புச் சோதனை நடந்தது. அதன் அதிர்வு 200 மைலுக்கு அப்பால் உணரப்படவில்லை என்று அணுசக்தி ஆணையம் பின்னர் அறிவித்தது. அது மெய்யானால், சோதனைத் தடை ஒப்பந்தம் செய்தும் பயனில்லை. மீறுவோரைக் கண்டறியவே இயலாது. ஸ்டோன் நில அதிர்வுகளைப் பதியும் மற்றோர் அரசு அலுவலகத்துக்கு நடந்தார். தொலைவிலுள்ள அலாஸ்காவிலும் அவ்வதிர்வு பதிவாகியிருந்தது. ஆணையம் தன் கூற்றைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. 1971 டிசம்பரில் இதழை நிறுத்தியபோது சந்தாதாரர் ஏறத்தாழ 70,000 பேர்.

இம்மூவரிடமிருந்து நாம் பெறுவது என்ன? எண்ணிக்கை உயர்வதே வெற்றியென்றால் ஜான்சன் தோற்றவராவார். அன்பர் கூட்டமே வெற்றியென்றால் தாஸ்தயேவ்ஸ்கியின் பிழைகளும் வெற்றிகளாகிவிடும். இரண்டும் பொருந்தவில்லை. ஸ்டோன் தம் இதழைக் குறுக்கியது வாசகரின் சுவைக்காக அன்று. அவர்களுக்குத் தேவைப்பட்டதும் தம்மால் இயன்றதும் கூடும் இடத்தில் நிற்பதற்காக. சுவை வேறு, தேவை வேறு. சுவையை வாசகன் தானே கேட்டு வாங்குவான். தேவையோ பல நேரங்களில் அவனுக்கே தெரியாது. சில நேரங்களில் கசக்கவும் செய்யும்.

சந்தா என்பது வரவிருக்கும் இதழுக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் பணம். இன்னும் எழுதப்படாத எழுத்தின்மீது வைக்கப்படும் நம்பிக்கை அது. அதை அமானிதம் என்றே சொல்வோம். அமானிதத்தை ஏற்றவன் ஒப்படைத்தவரின் முகத்துக்கு இனிக்கப் பேசினால் போதாது; பொருளைக் குறையாமல் சேர்ப்பிக்க வேண்டும். எழுத்தாளன் சேர்ப்பிக்க வேண்டிய பொருள், தான் அறிந்த உண்மை. அறியாத துறைகளிலெல்லாம் தலையிட்டுப் பக்கங்களை நிரப்புவதும் அமானிதத்தில் கை வைப்பதே ஆகும். அதே வேளையில், வாசகர் விலகிச் செல்லும்போது 'அவர்களுக்குத் தகுதியில்லை' என்று நம்மை நாமே தேற்றிக்கொள்வதும் எளிதான ஏமாற்று. நம் நடை இருண்டிருக்கலாம். நம் பொருள் சிதறியிருக்கலாம். அதைச் சோதித்துப் பார்ப்பது இழிவன்று.

இவ்வளவு எழுதும் நாம் மட்டும் குற்றமற்றவர்களா? புகழ்ந்து வரும் கடிதத்தை மேசைமீது வைத்து இருமுறை படிக்கிறோம். 'நீங்கள் சொன்னது தவறு' என்று வரும் கடிதம், விடையெழுத நேரமில்லை என்ற சாக்கில் இழுப்பறையின் அடிக்குப் போய்விடுகிறது. அதை எழுதியவர் நம்மை வரிவரியாகப் படித்திருக்கிறார். மையும் அஞ்சல் தலையும் செலவிட்டிருக்கிறார். பாராட்டியவரைவிட அவரே நம்மோடு நெருங்கி நின்றவர். நம் இழுப்பறையில் அப்படிப்பட்ட கடிதங்கள் இன்றும் சில கிடக்கின்றன. அடுத்த கட்டுரையைத் தொடங்குமுன் அவற்றுக்கு விடையெழுதிவிடுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.