அந்தப் பலாமரத்தை யார் வைத்தது?

பெரியப்பாவின் தகரப் பெட்டியில் 43 புகைப்படங்கள் இருந்தன. போன ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தபோது, காவடிக் கூட்டத்துக்குப் பயந்து நாங்கள் இரண்டு பேரும் வீட்டிலேயே தங்கிவிட்டோம். வெளியே அரோகரா சத்தம். உள்ளே நான் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோப்புப் பெயர், ஒரு வருடம், ஒரு வரி விளக்கம். சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு இது அரை நாள் வேலை என்றுதான் நினைத்தேன். 17வது படத்தில் மாட்டிக்கொண்டேன்.

படங்கள் எல்லாமே நெய்வேலி. பெரியப்பா 1962இல், 21 வயதில், அங்கே சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராகச் சேர்ந்தார். கூட வேலை பார்த்த ஒருவரிடம் பாக்ஸ் கேமரா இருந்திருக்கிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஒரு சாலை, அதில் ஒரு ஆள்கூட இல்லை. இன்னும் வெள்ளையடிக்காத குவார்ட்டர்ஸ் வரிசை. மூங்கில் கூண்டுக்குள் முழங்கால் உயரக் கன்றுகள். மூன்று செங்கல் மேல் பொங்கல் பானை. சுற்றிலும் ஆறு பிரம்மச்சாரிகள், ஒருத்தருக்கும் சமைக்கத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிகிறது.

இந்தப் படங்கள் அழகானவை. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவற்றில் எல்லோருமே இளைஞர்கள். கிழவர்கள் இல்லை, பாழடைந்த சுவர் இல்லை. ஊருக்கே ஐந்து வயதுதான். நம் ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் அதற்கு ஒரு சாதியும் பழங்கதையும் இருக்கும். இங்கே தெருவுக்குப் பதில் பிளாக், அதற்கு ஒரு எண். நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய ஒரு நாட்டின் முகம் அது.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பது நெய்வேலியில் குழந்தைக்கும் தெரிந்த கதை. அது பழுப்பு நிலக்கரி. 1956இல் நிறுவனம் தொடங்கியது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கிவைத்தார். 1961இல்தான் கரி கண்ணில் பட்டது. ஜெர்மன் இயந்திரங்கள் மண்ணை வெட்டின, சோவியத் உதவியில் அனல்மின் நிலையம் எழுந்தது, 1962இல் மின்சாரம் வந்தது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே ராத்திரி பகலாகப் பம்புகள் ஓடின. அதில் ஒரு பம்புக்குப் பக்கத்தில் என் பெரியப்பா நின்றிருந்தார்.

17வது படத்தில் அவரும் இரண்டு நண்பர்களும் ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்கிறார்கள். புதுச் சட்டை, படிய வாரிய தலை. 'நெய்வேலி, 1962. ஊரின் ஆரம்ப நாட்கள்' என்று டைப் செய்துவிட்டு, தூசி தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில் ஒரு பலாமரம். ஒரு ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தண்டு. அடிமரத்திலேயே காய் தொங்குகிறது.

ஐந்து வயது ஊரில் அவ்வளவு பெரிய பலாமரம் எப்படி வரும்?

"பெரியப்பா, இந்த மரத்த யாரு வெச்சது?"

"நாங்க போறப்பவே இருந்துச்சுடா."

"அதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தாங்க?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஜனங்கதான் இருந்தாங்க. இடிச்ச வீட்டு மண்ணு கொஞ்ச நாள் அங்கியே கெடந்துச்சு. ஒரு கெழவி வரும். காய்ச்ச காலத்துல வந்து மரத்தடியில உக்காந்துக்கும். ஒண்ணும் கேக்காது. நாங்களே ஒரு பழத்த அறுத்துக் குடுப்போம். கும்பிட்டுட்டு வாங்கினு போவும்."

"பேரு?"

"கேக்கல நைனா."

அதற்கப்புறம் என்னால் ஸ்கேன் செய்ய முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பழம் கொடுத்தவர். ஆனால் அந்தப் பழம் யாருடையது? சட்டப்படி அரசு நிலத்தை எடுத்தாயிற்று, மரமும் அதோடு சேர்ந்துவிட்டது. அப்படியிருந்தும், தான் வைத்த மரத்தின் பழத்தைத் தானமாக வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிற ஒருத்தியைப் பார்த்தால், இங்கே ஏதோ ஒரு சொல் தப்பாகப் போட்டிருக்கிறது என்று தோன்றுகிறதா இல்லையா? அவர் கொடுத்ததாக நினைத்தார். நியாயமாக அது திருப்பிக் கொடுத்ததாக இருந்திருக்க வேண்டும்.

நான் கேட்ட தொனி அவருக்குப் பிடிக்கவில்லை. "அந்தச் சம்பளம் இல்லன்னா உங்கப்பன் படிச்சிருப்பானா? நீ இந்தப் பொட்டி முன்னாடி உக்காந்திருப்பியா?" என்றார். உண்மைதான். என் இன்ஜினியரிங் ஃபீஸில் பாதி அவருடைய பிராவிடண்ட் ஃபண்ட். நாங்கள் உட்கார்ந்திருந்த வீடும் அந்தப் பணத்தில் கட்டியது. அப்படியென்றால் கேள்வி அவரைப் பற்றியது இல்லை, என்னைப் பற்றியது. யாரோ இழந்ததில் எனக்குக் கிடைத்திருக்கிறது. நான் எதையும் பிடுங்கவில்லை. எனக்கு இதில் என்ன பொறுப்பு?

குற்றம் வேறு, கடன் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றம் செய்தவனுக்கு. கடன் வாங்கியவனுக்கு, தெரியாமல் வாங்கியிருந்தாலும்கூட. பெரியப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அபத்தம். வறுமையிலிருந்து தப்பி வேலைக்குப் போன 21 வயதுப் பையன் அவர். ஆனால் 'நான் தப்பு செய்யவில்லை' என்பதிலிருந்து 'நான் யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை' என்பதற்குத் தாவுகிறோமே, அந்தத் தாவலில்தான் கோளாறு இருக்கிறது.

பலருக்கு நன்மை, சிலருக்கு இழப்பு, கூட்டிக் கழித்தால் லாபம் என்று ஒரு வாதம் உண்டு. மின்சாரம் வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் கணக்கு என்றால் இரண்டு பத்தியும் நிரப்பியிருக்க வேண்டும். டேட்டாபேஸில் பூஜ்யம் வேறு, நல் வேறு. பூஜ்யம் என்றால் எண்ணிப் பார்த்தோம், எதுவும் இல்லை. நல் என்றால் கேட்கவே இல்லை. 'வெறும் பொட்டல் காடா இருந்துச்சு, நாங்கதான் ஊராக்கினோம்' என்று எல்லாத் தொழில் நகரங்களிலும் யாராவது சொல்வார்கள். அது நல்லைப் பூஜ்யமாக எழுதுகிற வேலை. ஆரம்பகாலப் புகைப்படங்கள் அதற்குச் சாட்சியாகிவிடுகின்றன, ஏனென்றால் கேமரா வந்து இறங்கியவர்களோடு வந்தது. போனவர்களின் கடைசி நாளை எடுக்க அங்கே கேமரா இல்லை.

இதைத் திருத்தணியில் உட்கார்ந்து யோசிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரியப்பா பிறந்தபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டம். அப்புறம் ஆந்திரம். ம.பொ.சி. முதலானவர்கள் போராடி, படாஸ்கர் தீர்ப்பு வந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வீட்டை விட்டு ஒரு அடி நகராமலே எங்கள் குடும்பம் மாநிலம் மாறியது. ஊர் எங்கே சேர வேண்டும் என்று இங்கே ஊர்வலம் போனார்கள், சிறைக்குப் போனார்கள், இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஏறக்குறைய அதே வருடங்களில், தெற்கே, மாநிலம் அப்படியே இருக்க ஊர்கள் நகர்ந்தன. ஒரு ஊர் யாருடையது என்ற கேள்விக்காக உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த ஊரிலிருந்து போன பையனுக்கே, பலாமரம் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

சரி, ஒரு படத்துக்கு அடியில் விளக்கத்தை மாற்றினால் கடன் தீருமா? தீராது. அது மலிவான பரிகாரம் என்பதும் தெரியும். ஆனால் பொய்யான விளக்கம் சும்மா இருப்பதில்லை, அடுத்த தடவைக்கும் அனுமதி கொடுக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய்க்காக, கதிர் பிடித்த நெல் வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்றது ஒரு தரப்பு. அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்றது இன்னொரு தரப்பு. அதை நாம் பார்த்தோம், ஏனென்றால் இந்தத் தடவை வயலில் நின்றவர்கள் கையிலும் போன் இருந்தது. பெரியப்பா நின்ற காலத்தில் எழுந்த, 600 மெகாவாட் தந்த அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் மூடப்பட்டுவிட்டது. பண்ருட்டிப் பக்கம் நூறு வயது தாண்டிய பலாக்கள் இன்னும் காய்க்கின்றன.

அன்று சாயங்காலம் விளக்கத்தை இப்படி மாற்றினேன்: 'நெய்வேலி, 1962. குவார்ட்டர்ஸ் வாசலில் மூன்று பேர். இடப்பக்கம் உள்ள பலாமரம் இந்த ஊருக்கு முந்தைய ஊரைச் சேர்ந்தது. வைத்தவர் பெயர் கேட்கப்படவில்லை.' பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கேட்டிருக்கலாம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

43 படங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ராத்திரி பெரியப்பாவின் மகளிடமிருந்து, நெய்வேலியிலேயே பிறந்து வளர்ந்த அக்காவிடமிருந்து, 17வது படத்துக்கு ஒரு பதில் வந்தது. "டேய், இது நம்ம மரம்டா! இதுலதான் ஊஞ்சல் கட்டி ஆடுவோம்."

அவள் சொன்னதிலும் பொய் இல்லை. அந்த வரியையும் விளக்கத்தில் சேர்த்திருக்கிறேன், முதல் மூன்று வாக்கியங்களை அழிக்காமல்.