ஒரு பேனாக்கத்தியின் விலை

மார்க்க விளக்கம் கேட்டு நமக்கு மடல்கள் வருவதுண்டு. பாகப்பிரிவினை, மணவிலக்கு, ஜகாத், வட்டி என்று பெரும்பாலும் பெரிய கேள்விகளாகவே அவை இருக்கும். அண்மையில் வந்த ஒரு மடலோ ஒரு கத்தியைப் பற்றியது. போர்வாள் அன்று, குர்பானிக் கத்தியும் அன்று. மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் சின்னஞ்சிறு பேனாக்கத்தி. நம்மிடம் ஓதிச் சென்று, இன்று ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லியும், மாலை வேளையில் மக்தபில் சிறுவர்க்கு ஓதிக்கொடுத்தும் காலம் கழிக்கும் மாணவர் ஒருவர் அதனை எழுதியிருந்தார்.

அவருக்கு அரபு எழுத்துக் கலையில் நல்ல கைவண்ணம் உண்டு. திருமண வீட்டாரும் புதுமனை புகுவோரும் கேட்டால் பிஸ்மில்லாவும் திருநாமங்களும் எழுதிச் சட்டமிட்டுக் கொடுப்பார். அதனால் ஊதியத்துக்கு மேல் சிறிது வருவாயும் உண்டு. நாணற் பேனாவைச் சீவுவதற்கு இதுகாறும் சவர பிளேடையே ஒடித்துப் பயன்படுத்தி வந்திருக்கிறார். ஒருநாள் அது வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்துவிட, ஒரு வாரம் எழுத முடியவில்லையாம். அந்த நாட்களில் அயல்நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அன்பர் ஒருவர் தம் பையிலிருந்த சுவிட்சர்லாந்துக் கத்தியை எடுத்துக் காட்டியிருக்கிறார். விலை 4,200 ரூபாய். நம் மாணவரிடமோ எட்டு மாதங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த 3,000 ரூபாய் இருந்தது.

"ஹஜ்ரத், இன்னும் மூன்று மாதம் சேர்த்து அதனை வாங்கலாம் என்று எண்ணுகிறேன். இது வீண்விரயம் ஆகுமா?" என்று கேட்டிருந்தார். மடலின் அடியில், இடம் போதாமல் ஓரமாக, மற்றொரு வரியும் இருந்தது. "மளிகைக் கடையில் 5,000 ரூபாய் பாக்கி இருக்கிறது, அதை முதலில் கொடுங்கள் என்று வீட்டார் சொல்கிறார். ஆனால் கடைக்காரர் இதுவரை வாய் திறந்து கேட்டதில்லை."

படித்தவுடன் நாம் நகைத்தோம். ஒரு கத்திக்கு ஒரு ஃபத்வாவா என்று. பிறகு, நகைத்ததற்காக வெட்கினோம். மறுமை நாளில் அடியானின் பாதங்கள் நகரா முன் அவனுடைய வாழ்நாள், கல்வி, பொருள், உடல் ஆகியவை பற்றிக் கேட்கப்படும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அவற்றுள் பொருளைப் பற்றி மட்டும் கேள்வி இரண்டு: எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்பன. அங்கே தொகை பெரிதா சிறிதா என்ற பாகுபாடு இல்லை. ஆயிரங்களை அள்ளி வீசும் செல்வர் கேளாத கேள்வியை ஓர் ஏழை முஅத்தின் கேட்கிறார் என்றால், அது நகைப்புக்குரியது ஆகுமா?

முதற்கண், கேட்கப்பட்ட பொருளின் தகுதியைப் பார்ப்போம். கத்தி என்றதும் காய்கறி நறுக்குவதும் கயிறு அறுப்பதுமே பலர்க்கு நினைவு வரும். பேனாக்கத்தி என்னும் பெயரே அது கல்வியின் வீட்டுப் பிள்ளை என்பதை உணர்த்தவில்லையா? மிஸ்ரு நாட்டில் வாழ்ந்து 1418இல் மறைந்த அறிஞர் அல் கல்கஷந்தீ, எழுத்தர்களுக்கென ஆக்கிய ஸுப்ஹுல் அஃஷா என்னும் பெருநூலில், மைக்கூட்டோடு இருக்கவேண்டிய கருவிகளை அடுக்கிச் செல்கிறார். மீம் என்னும் எழுத்தில் தொடங்கும் பெயர்களாகவே அவை அமைந்திருப்பது ஒரு நயம். அவற்றுள் முத்யா என்பது பேனா சீவும் கத்தி. மிகத்து என்பது பேனாவின் முனையை வைத்து நறுக்கும் தகடு. மிஸன்னு என்பது சாணைக்கல். கத்தியைச் சொன்னவர் சாணைக்கல்லையும் மறவாமல் சொன்னதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

நாணலைச் சீவி, நடுவே கீறி, முனையை ஒரே வெட்டில் சாய்வாக நறுக்க வேண்டும். கூர் மழுங்கிய கத்தி நாரை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய நாரில் மை கசியும். அலிஃப் நிமிர்ந்து நில்லாது. ஆகவே எழுத்துக் கலைஞனுக்கு நல்ல கத்தி என்பது அணிகலன் அன்று. உழவனுக்கு ஏர் எப்படியோ அப்படி. நம் ஹனஃபி சட்ட அறிஞர்கள், குடியிருக்கும் வீடு, உடுக்கும் உடை இவற்றோடு தொழிலாளியின் கருவிகளையும் அடிப்படைத் தேவைகளாகக் கருதி, ஜகாத் கணக்கிலிருந்து விலக்கியதும் இதனாலன்றோ?

இனி, நல்ல கருவியை நாடுவதே மார்க்கத்துக்கு முரண் என்று எவரும் கருதிவிடலாகாது. ஒவ்வொன்றிலும் செம்மையை இறைவன் விதித்திருக்கிறான் என்று கூறிய நபிமொழி, ஸஹீஹ் முஸ்லிமில் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் வாயிலாக வருகிறது. அச்செம்மைக்கு அண்ணலார் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று கத்தியைத் தீட்டிக்கொள்வதே! அறுக்கப்படும் பிராணி வேதனையுறாதிருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அழகிய ஆடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று தோழர் ஒருவர் வினவியபோது, இறைவன் அழகை விரும்புகிறவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். எனவே, விலை உயர்ந்தது என்ற ஒரே காரணத்தால் ஒன்று ஹராம் ஆகிவிடாது.

ஆயினும் ஹலால் என்று தெரிந்துகொண்டதோடு கேள்வி முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. 1388இல் மறைந்த ஸ்பெயின் நாட்டு இமாம் ஷாதிபீ (ரஹ்) அவர்கள், மனித நலன்களை மூன்று படிகளாக வகுத்து விளக்கினார்கள். இன்றி அமையாதவை, இல்லாவிடில் இடர் தருபவை, இருந்தால் அழகு சேர்ப்பவை. மேற்படிக்காகக் கீழ்ப்படி இடிக்கப்படலாகாது என்பது அதன் சாரம். இந்த மாணவர்க்குக் கூரிய கத்தி ஒன்று இரண்டாம் படியைச் சேர்ந்தது. இரத்தம் சிந்திய கட்டைவிரலே அதற்குச் சாட்சி. ஆனால், சுவிட்சர்லாந்துக் கத்திதான் வேண்டும் என்பது எந்தப் படி?

அக்கத்தியின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். இபாக் என்னும் ஊரில் கார்ல் எல்செனர் என்பவர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் தம் நாட்டுப் படைக்குக் கத்திகள் வழங்கலானார். துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளியும், உணவு டப்பாவைத் திறக்க ஒரு கருவியும், துளையிட ஊசியும் அலகோடு சேர்ந்திருந்தன. படைவீரனுக்கு அவை அனைத்தும் தேவை. பள்ளிவாசல் முஅத்தினுக்கு வேண்டியதோ ஓர் அலகு. அதிலும் இரண்டு அங்குலக் கூர். மற்றவை கைக்கு உதவுவன அல்ல, கண்ணுக்கு விருந்தளிப்பன.

இவ்விடத்தில் உள்ளம் ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும். அவர் கணக்குப் போடுவார். "4,200 ரூபாய்க் கத்தி இருபது ஆண்டு உழைக்கும், ஆண்டுக்கு 210 ரூபாய்தான். 200 ரூபாய்க் கத்தியோ ஓராண்டில் பாழாகும். ஆகவே விலையுயர்ந்ததே மலிவு!" என்பார். இவ்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மலிவுப் பொருளைத் திரும்பத் திரும்ப வாங்கியே ஏழை மேலும் ஏழையாகிறான் என்பது கண்கூடு. ஆனால், செல்வனின் பணப்பைதான் இருபது ஆண்டைப் பார்க்கும். ஏழையின் பணப்பை மாதத்தின் முப்பதாம் நாளுக்கு அப்பால் பார்க்க வல்லதன்று. இருபது ஆண்டுப் பயனுக்கான விலையை அவன் இன்றே எண்ணி வைக்கவேண்டும்; அதுவரை மளிகைக் கடைக்காரர் காத்திருக்கவேண்டும். அன்றியும், சட்டைப் பையில் திரியும் சிறு பொருள் எப்போது தவறி விழும் என்று யாரால் சொல்ல முடியும்? இருபதாம் ஆண்டு வரை அது பையில் இருக்கும் என்பதற்கு அவ்வழக்கறிஞர் பிணை நிற்பாரா?

நாம் முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன சாணைக்கல் இங்கே வருகிறது. கடினமான எஃகு கூரை நெடுநாள் தாங்கும். மழுங்கினால் தீட்டுவது அரிது. மென்மையான எஃகு விரைவில் மழுங்கும். நாலு இழுப்பில் மீண்டும் கூராகும். லாரியின் வில்பட்டையை அடித்து அரிவாள் செய்யும் நம்மூர்க் கொல்லரிடம் ஒரு சிறு கத்தி அடித்து வாங்கி, நல்ல சாணைக்கல் ஒன்றும் வைத்துக்கொண்டால் நாணல் சீவ அது போதும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்பது மெய். துடைத்து எண்ணெய் தடவினால் தீர்ந்தது. நாம் ஓதிய காலத்தில் நம் உஸ்தாது வைத்திருந்த கத்தியின் அலகு, தீட்டித் தீட்டிப் பாதி அகலமாய்த் தேய்ந்திருந்தது. அதனால் சீவிய பேனாவைக் கொண்டே நாம் எழுதப் பழகினோம். பணம் ஒருமுறை கொடுத்துத் தீர்வது. பராமரிப்போ நாள்தோறும் கொடுப்பது. முதலாவதற்கு வசதி வேண்டும். இரண்டாவதற்குப் பொறுமை போதும்.

இனி, மடலின் ஓரத்தில் இருந்த அந்த வரிக்கு வருவோம். உண்மையில் கேள்வியே அங்குதான் இருந்தது. கொடுக்க வசதி உள்ளவன் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்னும் நபிமொழியைப் புகாரீயும் முஸ்லிமும் ஒருசேரப் பதிவு செய்துள்ளனர். 5,000 ரூபாய் கடன்பட்டவர் கையில் 3,000 ரூபாய் இருக்குமானால், அந்த அளவுக்கு அவர் வசதி உள்ளவரே. கடைக்காரர் கேட்கவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. அதை நம் ஆசைக்கு முதலாக்கிக்கொள்வது முறையாகுமா? கேளாத கடன் கேட்கும் கடனைவிட நம்மை மிகுதியாகக் கட்டுப்படுத்த வேண்டும். வருவாய் சிறுத்தாலும் செலவின் வழி அகலாதவரை கேடில்லை என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அந்த வீட்டில் அந்நெறியை அறிந்திருப்பவர் மடல் எழுதியவர் அல்லர். "முதலில் பாக்கியைக் கொடுங்கள்" என்றவரே.

இவற்றையெல்லாம் விளக்கி, முதலில் கடனை அடைக்கும்படியும், கொல்லரிடம் ஒரு கத்தி வாங்கிக்கொள்ளும்படியும், பின்னர் உரியவர்க்கெல்லாம் உரியதைக் கொடுத்து மிஞ்சினால், அப்போதும் உள்ளம் நாடினால், வீட்டாரைக் கலந்து விரும்பிய கத்தியை வாங்குவதில் குற்றமில்லை என்றும் மறுமொழி எழுதினோம். நல்ல விளக்கம் எழுதிவிட்டோம் என்ற நிறைவும் நமக்கு இருந்தது, மறைப்பானேன்?

இரண்டு வாரத்தில் அடுத்த மடல் வந்தது. கடையில் 3,000 ரூபாயைக் கொடுத்துவிட்டதாகவும், கடைக்காரர் முகம் மலர்ந்ததைக் கண்ட பின்னரே, அவர் கேளாதிருந்தது தேவையின்மையால் அன்று, கூச்சத்தால் என்று அறிந்ததாகவும் எழுதியிருந்தார். அதன்பின் மிகுந்த பணிவோடு ஒரு கேள்வி: "ஹஜ்ரத் அவர்கள் தவறாக எண்ணக்கூடாது. தாங்கள் கிதாபு வாங்கும்போதும் இப்படித்தான் பார்த்து வாங்குவீர்களா? அறிந்துகொள்வதற்காகவே கேட்கிறேன்."

மடலை மடித்து வைத்துவிட்டு நம் அலமாரியைப் பார்த்தோம். ஒரே தஃப்ஸீரின் இரு பதிப்புகள் அங்கே நின்றன. ஒன்று நாம் பயில்வது, அட்டை கழன்றது. மற்றொன்று பெய்ரூத்தில் அச்சாகிப் பொன்னெழுத்து முதுகோடு வந்தது. அதனைத் தவணையில் வாங்கினோம். வாங்கிய மாதங்களில் வீட்டுச் செலவு குறைந்ததை நம் வீட்டார் நம்மிடம் சொன்னதுமில்லை. அதன் ஒரு பாகத்தை எடுத்துப் பிரித்தோம். பழைய அரபு அச்சு நூல்களில் தாள்களின் மடிப்பு வெட்டப்படாமலே வருவதுண்டு. படிப்பவர் ஒவ்வொன்றாகக் கீறிக்கொள்ள வேண்டும். முதல் முப்பது பக்கங்களுக்கு மேல் கீறப்படவே இல்லை. அதற்கும் ஒரு பேனாக்கத்திதான் தேவை. ஆனால் இத்தனை ஆண்டுகளாக நம்மிடம் இல்லாதிருந்தது கத்தி அன்று.

1111இல் மறைந்த ஹுஜ்ஜதுல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஒரு பொருள் எதற்காகப் படைக்கப்பட்டதோ அதற்கு அதனைப் பயன்படுத்துவதே அதற்குரிய நன்றி என்று இஹ்யாவில் விரித்துரைக்கிறார்கள். பொன்னும் வெள்ளியும் பூட்டி வைக்கப்பட்டால் அவற்றின் நோக்கம் பாழாகிறது என்பது அவர்கள் காட்டும் சான்று. பூட்டிய பொன்னுக்கு அந்த நியாயம் என்றால் கீறாத கிதாபுக்கு வேறு நியாயம் உண்டோ? மாணவர் விரும்பிய கத்திக்கு ஒரு வேலையாவது காத்திருந்தது. நாம் வாங்கிய நூலுக்கு அதுவுமில்லை. கல்வி என்னும் திரைக்குப் பின்னே நின்றதால் நம் ஆசையை நாமே அடையாளம் காணவில்லை. வீண்விரயம் பேனாக்கத்தி வடிவில் வரும்போது கண்டுகொள்வது எளிது. கிதாபு வடிவில் வரும்போதே கடினம்.

மாணவர்க்கு உண்மையை எழுதினோம். அந்தத் தொகுதியை மத்ரஸா நூலகத்துக்கு அனுப்பிவிட்டோம். அங்கே ஓதும் பிள்ளைகள் மடிப்புகளைக் கீறிக்கொள்வார்கள். நாம் ஈட்டியதையும் செலவிட்டதையும் பற்றிக் கேட்கப்படும் அந்நாளில், கற்றதைக் கொண்டு என்ன செய்தாய் என்றும் கேட்கப்படும் அல்லவா? அந்தக் கேள்விகளுக்கு முன்னதாகவே நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் துணிவையும், ஒரு மாணவர் கேட்கும்போது முகம் சுளிக்காத உள்ளத்தையும் வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக. ஆமீன்.